புதுப்பிப்பு: சிவியை மாற்றிய பிறகு இன்டர்வியூ அழைப்பு வந்தது

கிடங்குப் பொறுப்பாளர் வேலைகளுக்கு விண்ணப்பித்தும் எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை, சிவியில் எதை மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரண்டு நிறுவனங்கள் கூப்பிட்டுப் பேசிவிட்டன. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அதிகம் உதவியது, செய்த வேலையோடு அதன் பலனையும் எழுதச் சொன்னதுதான். ‘சரக்கு இருப்பைப் பார்த்துக்கொண்டேன்’ என்று இருந்த வரி, ‘மாதம் ஒருமுறை நடந்த இருப்புச் சரிபார்ப்பை வாரந்தோறும் நடத்தி, கணக்கில் வராத சரக்கைப் பாதியாகக் குறைத்தேன்’ என்று மாறியது. முதல் இன்டர்வியூவில் பெரும்பாலும் இந்த வரியைப் பற்றித்தான் பேசினோம். எண் போடுங்கள், ஆனால் கேட்டால் விளக்க முடிகிற எண்ணாக இருக்கட்டும்.

அப்புறம் வடிவம். பல நிறுவனங்களில் சிவியை முதலில் அலசுவது ஒரு மென்பொருள். அட்டவணை, பக்கவாட்டுப் பெட்டி, படமாகப் போட்ட எழுத்து இவற்றில் அது தடுமாறலாம். பிடிஎஃப்பில் இருப்பதை முழுவதும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் அங்கே கலைந்து வந்தால், அமைப்பை எளிமையாக்குவது நல்லது.

விளம்பரத்தில் உள்ள சொற்களையே எடுத்தாளச் சொன்னதும் சரிதான், உண்மையிலேயே தெரிந்த திறன்களுக்கு மட்டும்.

நடுவில் வேலைக்குப் போகாத காலத்தை ‘குடும்பப் பராமரிப்பு’ என்று வருடத்தோடு ஒரே வரியில் எழுதினேன். யாரும் துருவிக் கேட்கவில்லை.

கவரிங் லெட்டர்தான் இன்னும் பாக்கி. அதை எவ்வளவு நீளம் எழுதுகிறீர்கள்?