டான்சிச்சைத் தூக்கிக் கொடுத்த டாலஸ்: யார் யாருக்கு விசுவாசமாக இருப்பது?

பிளேனோவாசி:
டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறேன். 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை இரவு படுக்கப் போகும் நேரத்தில் அந்தச் செய்தி வந்தது: அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் எங்கள் டாலஸ் மேவரிக்ஸ் அணி, தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. செய்தியைச் சொன்ன நிருபரின் சமூக வலைத்தளக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் மகன் 77ஆம் எண் சட்டையோடு வந்து, "அப்பா, லூகா போகிறேன் என்று சொன்னாரா?" என்றான். அவர் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றுவரை எங்களைக் கொண்டுபோனவர், வயது 25. ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஆகியவற்றுக்கு ஈடாக லேக்கர்ஸுக்குப் போய்விட்டார்.

வேறு அணிக்கு மாற்றச் சொன்னால் வீரர் துரோகி. அணி மாற்றினால் அது தொழில். இதை மகனுக்கு எப்படி விளக்குவது?

பழைய ரசிகன்:
டாலஸ் செய்தது மடத்தனம்தான். அதற்காக வீரர்களுக்கு மாலை போடாதீர்கள். போர்ட்லாந்து அணியின் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட் 2022இல் சுமார் 12.2 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டார். மறு ஜூலையில் மாற்றச் சொன்னார், அதுவும் மயாமிக்கு மட்டும். லீக்கே எச்சரிக்க வேண்டிவந்தது. ஆளுக்கொரு ஊரைக் கேட்டால் எந்தப் பயிற்சியாளர் எதை நம்பி அணி கட்டுவார்? கையெழுத்துக்கு மதிப்பு வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
முப்பது வருடமாக ஒப்பந்தங்களைப் படித்தே வயிறு வளர்க்கிறவன் நான். கையெழுத்து என்றதும் உள்ளே நுழைந்துவிட்டேன், மன்னிக்கவும்.

அந்தக் காகிதத்தை வேறு அணிக்குக் கைமாற்ற அணிக்கு உரிமை உண்டு. வீரரின் சம்மதம் தேவையில்லை. "என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது" என்ற ஷரத்துக்குப் பேரம் பேசவே லீக்கில் எட்டு ஆண்டும் அதே அணியில் நான்கு ஆண்டும் ஆடியிருக்க வேண்டும். லில்லார்டிடம் அது இல்லை. அவரால் முடிந்தது நச்சரிப்பது மட்டுமே. மயாமி கேட்டவரை மில்வாக்கிக்கு அனுப்பினார்கள்.

அந்த டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) என்னை உறுத்துகிறவர் ஜ்ரூ ஹாலிடே. மில்வாக்கி 2021இல் கோப்பை வெல்லத் தோள் கொடுத்தவர். லில்லார்டுக்கு ஈடாக 2023 செப்டம்பர் 27 அன்று போர்ட்லாந்துக்குப் போனார்; அக்டோபர் 1 அன்று பாஸ்டனுக்கு. சாமான் கட்டிய பெட்டிமேல் எந்த ஊரை எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய கையெழுத்துக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்?

கிறிஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 கோடையில் லேக்கர்ஸுடன் நான்கு ஆண்டுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த பிப்ரவரியில் டாலஸ். அவருக்காக யாரும் போராடவில்லை. நாம் வீரர் சுதந்திரம் என்று சண்டை போடுவதெல்லாம் பத்துப் பதினைந்து நட்சத்திரங்களின் சுதந்திரம். மற்றவர்கள் சரக்கு.

பிளேனோக்காரரே, உங்கள் லூகாவின் கணக்கு இன்னும் மோசம். டாலஸிலேயே இருந்திருந்தால் ஐந்தாண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் பெறும் தகுதி வந்திருக்கும். வளர்த்த அணியை விட்டுப் போகாமல் இருக்க லீக் வைத்த ஊக்கத்தொகை அது. போகாதவரைத் தூக்கிக் கொடுத்தார்கள், தகுதியும் போனது. பிறகு லேக்கர்ஸுடன் மூன்றாண்டுக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஓடிப்போனவனுக்கு வைத்த தண்டனை, துரத்தப்பட்டவன் தலையில்!

பழைய ரசிகன்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒன்று விட்டுவிட்டீர்கள். குதிகால் தசைநார் அறுந்த லில்லார்டை மில்வாக்கி 2025 ஜூலையில் கழற்றிவிட்டது. அவர் எங்கே போனார்? போர்ட்லாந்துக்கே, மூன்றாண்டு, 4.2 கோடி. நீங்கள் சொன்ன அதே ஷரத்தை இம்முறை எழுதி வாங்கிக்கொண்டார். அதே கோடையில் ஹாலிடேயும் அங்கேயே வந்து சேர்ந்தார். இப்போது இருவரும் ஒரே அணி!

பிளேனோவாசி:
இருவருக்கும் நன்றி. "காகிதம் அணியின் கையில் இருக்கிறது" என்று மகனிடம் சொன்னேன். "அப்படியானால் நீகோவை நீக்கு என்று ஏன் கத்தினோம்?" என்றான். டான்சிச்சைக் கொடுத்த பொது மேலாளர் நீகோ ஹாரிசனை 2025 நவம்பரில் நீக்கினார்கள், டான்சிச் திரும்பவில்லை.

அதற்கு முன்பு, 2025 ஏப்ரல் 9 அன்று லேக்கர்ஸ் இங்கே வந்தபோது இருவரும் அரங்கில் இருந்தோம். பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டான்சிச் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் எங்களுக்கு எதிராக 45 புள்ளி எடுத்தார். ஒவ்வொரு கூடைக்கும் மகன் எழுந்து நின்று கைதட்டினான். தோற்றது எங்கள் அணி என்பது கார் நிறுத்திய இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.