புதுப்பிப்பு: கொல்கத்தா தெருப் படங்களில் எனக்கான பார்வை

மதுரையிலிருந்து வேலைக்காகக் கொல்கத்தா வந்தவன். டிராம், மஞ்சள் டாக்சி, ஹௌரா பாலம் என்று நான் எடுப்பதெல்லாம் ஏற்கெனவே பார்த்த படமாகவே இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ஒரே இடம், ஒரே லென்ஸ்" என்ற யோசனைதான். பாலத்தின் கொல்கத்தா பக்கத்து முனையடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையைப் பிடித்துக்கொண்டேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 28 மி.மீ. அகலக்கோண லென்ஸ், லென்ஸின் துவார அளவு எஃப்/8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் நிரந்தரமாக. சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக விழுகிறது. கேமராவை மறந்துவிட்டு ஆட்களைக் கவனிக்கலாம்.

கருப்பு வெள்ளை எனக்கு ஒத்துவரவில்லை. செண்டுமல்லியின் ஆரஞ்சை விட்டுவிட்டு அந்தச் சந்தையை எப்படிக் காட்டுவது? புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கும் (1942–1999) இந்த ஊரைக் கலரில்தான் எடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று. இன்னொருவர் சொன்னபடி சின்னச் சின்னப் பிரிண்டாகப் போட்டுத் தரையில் பரப்பினேன். நல்ல படம் எதிலும் முகம் இல்லை! கம்சாவை (பருத்தித் துண்டு) சும்மாடாகச் சுற்றிய தலை, தோளின் இரு பக்கமும் தொங்கும் மாலைச் சரங்கள், கூடை விளிம்பைப் பற்றிய ஈர விரல்கள். மதுரைப் பூ மார்க்கெட்டில் சின்ன வயதிலிருந்து நான் பார்த்து நின்றதும் இதைத்தான். இப்போது சுமையை மட்டுமே தொடராக எடுக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: நீங்கள் யாரைப் படம் எடுத்தீர்களோ அவர்களுக்கே ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பிறகு அவர்களே பக்கத்தில் கூப்பிடுகிறார்கள்.