பீப்பாயில் முதிர்ந்த புளிப்பு பீர்: வாயை விட்டுப் போகாத அந்த ஒரு மடக்கு

புளிப்பு பீரில் உங்களுக்கு மறக்காத மடக்கு எது, ஏன் என்ற கேள்விக்கு வந்த பதில்கள். ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.

நுரையிலி

பிரஸ்ஸல்ஸில் காந்தியோன் பீர் ஆலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், சுற்றிப் பார்த்து முடித்ததும் கையில் தரும் கலக்காத லாம்பிக். ஈஸ்ட் சேர்க்காமல் காற்றில் இருப்பதை வைத்தே நொதித்து, ஓக் பீப்பாயில் முதிரும் பெல்ஜியப் புளிப்பு பீர் அது. நுரை ஒரு பொட்டு கிடையாது. பக்கத்தில் நின்றவர் கேஸ் போய்விட்டது என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தார். அது இன்னும் உறுத்துகிறது. அந்தச் சரக்கில் கேஸ் நிற்கவே நிற்காது. ஓக் பீப்பாய் அழுத்தம் தாங்கும் கலன் இல்லை, நொதிக்கும்போது வரும் கரியமில வாயு அடைப்பு வழியாகவும் மரம் வழியாகவும் போய்விடும். 1, 2, 3 வருடச் சரக்கைக் கலந்து பாட்டிலில் அடைக்கும்போது, இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று உள்ளேயே கேஸ் கட்டும். அது கூஸ். அவர் எதிர்பார்த்தது கூஸ், கிடைத்தது அதன் மூலச்சரக்கு.

நுரை இல்லாததால்தான் புளிப்பு நன்றாகப் பிடிபடும். நாக்கை விடுங்கள், தாடையைக் கவனியுங்கள். லாக்டிக் அமிலம், அதாவது தயிர்ப் புளிப்பு, காதுக்குக் கீழே சுரீரென்று இழுத்து எச்சில் ஊறவைக்கும், தொண்டையில் எரியாது. அசிட்டிக், அதாவது வினிகர் அமிலம், முதலில் மூக்கில் ஏறும், விழுங்கும்போது சுடும். லாம்பிக்கில் வினிகர் வாசம் தூக்கலாக வந்தால் அந்தப் பீப்பாய் கெட்டது, அவ்வளவுதான்.

சிவப்புத்தொட்டி

நுரையிலியின் கடைசி வரி லாம்பிக்குக்குப் பொருந்தும், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சிவப்பு பீருக்குப் பொருந்தாது. அந்த வகையில் ஒன்றான ரோடன்பாக் கிராண்ட் க்ரூவில் இரண்டு வருடம் ஓக் தொட்டியில் கிடந்தது மூன்றில் இரண்டு பங்கு, மீதி இளசு. அதில் வினிகர் ஒரு கீற்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் மால்ட் சாறு. எனக்கு மறக்காதது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குவளை. 5 டிகிரியில் புளிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 12 டிகிரி வந்ததும் செர்ரி, ஓக், அப்புறம் அந்த வினிகர் என்று ஒவ்வொன்றாக எழும்பியது. இதை ஐஸில் வைத்துக் கொடுக்கும் கடைகளை என்ன சொல்வது!

நல்லதுக்கும் கெட்டதுக்கும் எல்லை எங்கே என்று கேட்டால், வினிகரில் இல்லை, எத்தில் அசிட்டேட் என்ற வாசனைப் பொருளில் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பழவாசனை. கூடினால் நெயில் பாலிஷ் ரிமூவர். அது வந்துவிட்டால் எதைக் கலந்தும் மறைக்க முடியாது.

நூல்விட்டது

பீப்பாயிலிருந்து நேராக எடுத்த மாதிரி. குவளையைச் சாய்த்தேன், கொழகொழவென்று நூல் விட்டுக்கொண்டு இறங்கியது. வாசனையில் குறையே இல்லை, நல்ல புளிப்பு. ஆனால் வாயில் அந்த வழுவழுப்பு... யாருக்காவது இப்படிக் கிடைத்திருக்கிறதா?

ஓக்வாசி

நூல்விட்டது, பயப்பட வேண்டாம், கொட்டியும் விடாதீர்கள். பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. அமிலத்தோடு சேர்த்துப் பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலிகளையும் விடும், வெண்ணெய் வாசனைக்குக் காரணமான டையாசெட்டிலையும் விடும். பிரெட்டனோமைசிஸ் (சுருக்கமாக பிரெட்) என்ற காட்டு ஈஸ்ட் உள்ளே இருந்தால் சில மாதங்களில் இரண்டையும் தின்று தீர்த்துவிடும். அது இல்லாத பீப்பாய் என்றால் தானாகச் சரியாகாது, பிரெட் சேர்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுக்க மேல் அடைப்பைத் திறந்தீர்களா? திறக்கவே கூடாது. மேலே படிந்திருக்கும் வெள்ளை ஏடு உடையும், ஆக்ஸிஜன் இறங்கும், வினிகர் உண்டாக்கும் பாக்டீரியாவான அசிட்டோபாக்டர் விழித்துக்கொள்ளும். 225 லிட்டர் ஒயின் பீப்பாய் என்றால் முன்பக்க வட்டப் பலகையில் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே 2.8 மி.மீ. துளை போட்டு, எவர்சில்வர் ஆணியை அடித்து வையுங்கள். எடுக்கும்போது ஆணியைச் சுற்றிச் சாராயம் தெளித்து, குறடால் உருவினால் மெல்லிய தாரையாக வரும். 60 மி.லி. போதும். திரும்ப அடித்து, இன்னொரு தரம் தெளித்துவிடுங்கள். சாதா இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்கும், இரும்பு ஓக்கின் டானினோடு சேர்ந்து மை போலக் கறுக்கும், வாயில் உலோகச் சுவை ஒட்டும். துளையைப் பலகைகளின் இணைப்பில் போட்டால் கசிவு நிற்காது, ஒரே பலகையின் நடுவில் போடுங்கள்.

மட்டம் குறைந்தால் அதே வகைச் சரக்கை ஊற்றி நிரப்பலாம். ஆனால் மாதாமாதம் நிரப்புகிறேன் பேர்வழி என்று திறந்துகொண்டே இருப்பது நிரப்பாமல் விடுவதைவிட மோசம். கேஸை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான் வைத்திருந்தால் அது வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப் பீப்பாய் வாங்கும்போது உள்ளே மூக்கை வைத்து முகருங்கள். வினிகர் அடித்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம், மரத்துக்குள் இறங்கிய அசிட்டோபாக்டரைச் சுடுதண்ணீர் முழுக்கக் கொல்லாது.

எலிவாடை

எல்லாரும் புளிப்பையே பேசுகிறீர்கள். எனக்கு நிற்பது விழுங்கின பிறகு வந்தது. குவளையில் முகர்ந்தால் சுத்தம். வாயில் நல்ல லாக்டிக், எலுமிச்சைத் தோல். விழுங்கிப் பத்து விநாடி கழித்துப் பின்னாலிருந்து எலிக்கூண்டு வாடை. அதற்குக் காரணம் டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற பொருள். பீரின் அமிலத்தில் அது ஆவியாகாது. எச்சிலோடு கலந்து அமிலம் தணிந்ததும்தான் மூக்குக்கு எட்டும். அதனால்தான் ஒரே மேசையில் இரண்டு பேர் அருமை என்பார்கள், மூன்றாமவர் முகம் சுளிப்பார். சிலருக்கு அது தெரியவே தெரியாது.

சந்தேகம் என்றால் ஒரு வாய் அளவு எடுத்து ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு முகருங்கள், இருந்தால் கிளம்பிவிடும். பாட்டிலில் அடைத்த புதிதில் வருவது பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும். ஓக்வாசி ஆக்ஸிஜன் என்றால் வினிகரோடு நிறுத்திவிட்டார். பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்தால் இதுவும் கிளம்பும்.

கொட்டையோடு

கிரீக்கை, அதாவது செர்ரி ஊறிய லாம்பிக்கை, விட்டுவிட்டீர்களே. லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரி, கொட்டை எடுக்காமல். நல்ல கிரீக்கின் அடையாளம் செர்ரி அல்ல, கடைசியில் வரும் பாதாம் வாசனை. கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வரும் பென்சால்டிஹைடு அது. சிரப் ஊற்றி இனிப்பாக்கினதில் பழம் முன்னால் குதிக்கும், இந்தக் கடைசி இருக்காது.

ஓக்வாசி சொன்ன 'அடைப்பைத் திறக்கவே கூடாது' இங்கே எடுபடாது, அண்ணே. பழம் போட்ட முதல் சில நாள் சர்க்கரை கிடைத்த வேகத்தில் நுரை பொங்கி வழியும். அப்போது இறுக்கி அடைத்தால் பீப்பாயின் வட்டப் பலகையே பிதுங்கும். பொங்கல் அடங்கின பிறகு அடையுங்கள். வடிக்கும்போது குழாய் வாயில் தோல் அடைக்கும், உள்பக்கம் ஒரு எவர்சில்வர் வலை வைத்துக்கொள்ளுங்கள்.