அதுவா, அவனா? பிராங்கன்ஸ்டைன் படமும் நாடகமும்

களரி:

போன சனியும் ஞாயிறும் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில், உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே கதையை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினேன். மேரி ஷெல்லி எழுதி 1818இல் வந்த பிராங்கன்ஸ்டைன் நாவல்தான் கதை. சனிக்கிழமை, ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஞாயிற்றுக்கிழமை, 2011இல் லண்டன் நஷனல் தியேட்டரில் டேனி பாயில் இயக்கிய நாடகத்தின் பதிவு. புரொஜெக்டர் இரவல் வாங்கியது. திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி.

கதை தெரியாதவர்களுக்கு: விக்டர் என்ற மாணவன் பிரேதத் துண்டுகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண்ணைத் திறந்ததும் அந்த உருவத்துக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடுகிறான். அந்தப் பிறவி அன்பைத் தேடி அலைந்து, போகிற இடமெல்லாம் அடிவாங்கி, கடைசியில் படைத்தவனின் குடும்பத்தையே அழிக்கிறது. நாவலில் அதற்குப் பெயரே கிடையாது.

நான் எழுத வந்தது இதைத்தான். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். ‘அது வந்தது, அது கழுத்தை நெரித்தது’ என்று எழுதினார்கள். மறுநாள் நாடகம் பார்த்துவிட்டு ‘அவன் வந்தான், அவன் கேட்டான்’ என்று எழுதினார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. அஃறிணையில் இருந்த ஒன்றை ஒரே இரவில் உயர்திணைக்குக் கொண்டுவந்தது மேடை. அதனால் இந்தக் கதைக்கு உரிய இடம் மேடைதான் என்று நினைக்கிறேன். படத்தில் அந்தப் பிறவி உறுமுகிறது, அவ்வளவுதான். நாவலின் நடுவில் ஆறு அத்தியாயம் முழுக்க அதன் வாயால் வருகிற கதை. அந்த வாயைச் சினிமா தைத்துவிட்டது.

குளக்கட்டு:

ரீச்சர், நல்ல முயற்சி. ஆனால் தீர்ப்பை ஏற்க முடியவில்லை.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் ஊரே கூடி இருந்த காலத்தில். ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. அந்தப் பிறவியாக நடித்த போரிஸ் கார்லோஃப், கூரை திறந்ததும் மேலேயிருந்து வருகிற வெளிச்சத்தைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி அதைப் பிடிக்கப் பார்ப்பாரே, அந்த இடத்தில் என் அம்மா ‘பாவம்’ என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வாய் பேசவில்லைதான். கை பேசியது.

பிறகு ஏரிக்கரைக் காட்சி. சின்னப் பெண் மரியா பயப்படாமல் பூவைக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் பூவைத் தண்ணீரில் போடுகிறார்கள், மிதக்கிறது. பூ முடிந்ததும், இவளும் மிதப்பாள் என்று நினைத்துப் பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பிறகு அது தன் கையைப் பார்த்துத் தடுமாறுகிற விதம்! அந்தக் காட்சியைப் பல இடங்களில் தணிக்கைக்காரர் வெட்டினார்கள், 1980களில்தான் முழுதாகத் திரும்பச் சேர்த்தார்கள். வெட்டியதால் என்ன நடந்தது? கை நீளுவது தெரியும், அடுத்து தகப்பன் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு வருவது தெரியும். நடுவில் நடந்ததைச் சனம் இன்னும் மோசமாகக் கற்பனை பண்ணியது.

அந்தத் தகப்பன் நடந்து வருகிற தெருவில் கலியாணக் கொண்டாட்டம். ஆடிக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருவராக நின்றுபோகும். ஒரு சொல் இல்லை. அந்த நடையை வன்னியில் எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மேடையில் எவ்வளவு வசனம் எழுதினாலும் இதற்கு ஈடு வருமா?

பாலைப்பழம்:

வணக்கம். நான் நாவலைப் படித்துவிட்டு இரண்டையும் பார்த்தவள். இரண்டு பேரிலும் எனக்குக் கோபம்.

குளக்கட்டு அண்ணை, உங்கள் படத்தில் மூளை மாறுகிற காட்சியை மறந்துவிட்டீர்களா? விக்டரின் உதவியாளன் (படத்தில் விக்டரின் பெயரையே ஹென்றி என்று மாற்றிவிட்டார்கள்) நல்ல மூளை இருந்த போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையைக் கொண்டுவருகிறான். அந்த ஒரு போத்தலோடு நாவல் சொல்ல வந்த முழுக் கதையும் உடைந்துபோகிறது. நாவலில் அவன் பிறக்கும்போது கெட்டவன் இல்லை. ஒரு குடிசையின் பக்கத்தில் ஒளிந்திருந்து, ஒரு குடும்பம் கதைப்பதைக் கேட்டே மொழி படிக்கிறான், அவர்களுக்குத் தெரியாமல் விறகு வெட்டி வைக்கிறான், ஆங்கிலக் கவி மில்டனை வாசிக்கிறான். துரத்தினதால்தான் கொலைகாரன் ஆகிறான். ‘பிறவியிலேயே மூளை அப்படி’ என்று சொல்லிவிட்டால் துரத்தினவர்களுக்கு ஒரு குற்றமும் இல்லை. ஒரு கூட்டத்தையே ‘அதுகளின் குணம் அப்படித்தான்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது எப்படியிருக்கும் என்று எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தெரியும்.

களரி ரீச்சர், உங்கள் நாடகத்துக்கும் வருகிறேன். நாவலில் அந்தக் குடும்பம் வீட்டை விட்டுப் போன பிறகுதான் அவன் வெறும் வீட்டுக்குத் தீ வைக்கிறான். நிக் டியர் எழுதிய நாடகத்தில் ஆட்களை உள்ளே வைத்தே கொளுத்துகிறான். நாவலில் விக்டரின் மனைவி எலிசபெத்தைக் கொல்கிறான், அது கொடுமை. நாடகத்தில் அதற்கு முன்னர் அவளை வல்லுறவு செய்கிறான். மேரி ஷெல்லி எழுதாத ஒன்றை மேடை ஏன் சேர்த்தது? வாயைக் கொடுத்தார்கள், சரி. கொடுத்த கையோடு நாவலில் இல்லாத இரண்டு பாவத்தையும் தலையில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா?

களரி:

காட்டவில்லை தங்கச்சி. அந்த இடத்தில் நிறுத்தி, என்ன நடக்கிறது என்று வாயால் சொல்லி, தாண்டிப் போனேன். பெண் பிள்ளைகள் இருவர், கதைக்கு அது தேவையா என்று கேட்டார்கள். தேவையில்லை என்றுதான் நானும் சொன்னேன். உங்களோடு அதில் முழு உடன்பாடு.

ஆனாலும் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். உருண்டையான ஒரு தோல் சட்டத்திலிருந்து வெற்றுடம்போடு விழுகிறான். காலைக் கண்டுபிடிக்கிறான், விழுகிறான், எழும்புகிறான். பத்து நிமிடம் வரைக்கும் ஒரு சொல் கிடையாது. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் பற்றி எரிகின்றன. பிறகு அவன் சொல் ஒவ்வொன்றாகக் கற்பதை எங்கள் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறோம். அந்தக் குடிசைக் குடும்பத்தின் குருட்டுக் கிழவர் டி லேசியின் முன்னால் இருந்து எழுத்துப் படிக்கிறான். உருவம் தெரியாத ஒருவருக்குத்தான் அவன் மனிதன். மண்டபத்தின் பின்வாங்கில் குழப்படி செய்துகொண்டிருந்த பெடியன் ஒருவன் அந்த இடத்தில் வாங்கை முன்னுக்கு இழுத்துப் போட்டான். வெட்டு இல்லாமல் ஓர் உடம்பு எங்கள் முன்னால் வளர்வதால் வருகிற நெருக்கம் அது. சினிமாவுக்கு அது வராது.

குளக்கட்டு:

மன்னிக்க வேணும் ரீச்சர். பிள்ளைகள் பார்த்தது மேடையா? வேட்டியில் விழுந்த வெளிச்சம். எந்த முகத்தைக் கிட்டப் பார்ப்பது, எப்போது மேலேயிருந்து பார்ப்பது என்று கேமராக்காரன் தீர்மானித்த ஒன்று. வாங்கை இழுக்க வைத்ததில் பாதிப் பங்கு கேமராவுக்கு.

இன்னொன்று. வாயைத் தைத்தது சினிமா என்று எழுதியிருக்கிறீர்கள். தைத்தது மேடை. 1823 யூலையில் லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் இந்த நாவலை முதன்முதலில் நாடகமாக்கினார். அதில் அந்தப் பிறவி ஊமை. டி. பி. குக் என்ற நடிகர் உடம்பாலேயே நடித்தார். உதவியாளன் பாத்திரத்தைப் புகுத்தியதும் அந்த நாடகம்தான், பெயர் ஃபிரிட்ஸ். 108 வருடம் கழித்து 1931 படத்துக்குள் அதே ஃபிரிட்ஸ் வந்து நிற்கிறான். படமும் நாவலிலிருந்து நேரே வரவில்லை, பெகி வெப்லிங் 1927இல் மேடைக்கு எழுதியதன் வழியாக வந்தது. ஆகவே சினிமா மேல் போடுகிற பழியில் பெரிய பங்கை மேடை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாய் கொடுத்த கணக்கையும் பாருங்கள். 1935இல் அதே ஜேம்ஸ் வேல் எடுத்த அடுத்த பாகத்தில் குருட்டுத் துறவி ஒருவர் அவனுக்குப் பாணும் வைனும் கொடுத்து, நண்பன் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறார். 2025இல் டெல் டோரோ எடுத்த படத்தில் கதையின் ஒரு பகுதியே அவன் வாயால்தான் வருகிறது. சினிமாவும் திருந்தியிருக்கிறது.

அண்ணாவி வீட்டுப் பெடியன்:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கூத்து. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து, பிறகு காத்தவராயன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விசயம்.

1823 நாடகத்தில் அவன் ஊமையானதற்கு, பேச்சு பிடிக்காததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்து லண்டனில் பேச்சு நாடகம் போட உரிமம் ஓரிரு அரங்குகளுக்குத்தான். மற்றவை பாட்டும் இசையும் வைத்தே ஓட்ட வேண்டும். எல்லோரும் பாடுகிற இடத்தில் ஒருவன் மட்டும் பாடாமல் நிற்கிறான். ஆனால் இசை கேட்கும்போது அவன் அசைகிறான், சத்தத்தைக் கையால் பிடிக்கப் பார்க்கிறான். குளக்கட்டு அண்ணை சொன்ன, வெளிச்சத்தைப் பிடிக்கிற கார்லோஃப் அங்கே ஏற்கெனவே இருக்கிறார். மேரி ஷெல்லியே 1823 ஓகஸ்டில் போய்ப் பார்த்திருக்கிறார். கதையை நன்றாகக் கையாளவில்லை என்று எழுதினார், ஆனால் குக்கின் நடிப்பைப் புகழ்ந்தார். நாடக அறிவிப்பில் அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. 1931 படத்தின் தொடக்கத்திலும் நடிகர் பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி.

இரண்டாவது. 2011 நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பாட்சும் ஜொனி லீ மில்லரும் ஒரு நாள் ஒருவர் விக்டர், மற்ற நாள் மற்றவர் விக்டர் என்று மாறி மாறி நடித்தார்கள். லண்டன் மேடைக்கான ஒலிவியர் விருதையும் இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். காத்தான் கூத்திலும் ஒரே இரவில் முன்காத்தான், பின்காத்தான் என்று ஆள் மாறும். ஆனால் நாங்கள் ஒரு பாத்திரத்தைப் பல உடம்புக்குக் கொடுக்கிறோம். அவர்கள் படைத்தவனையும் படைக்கப்பட்டவனையும் இடம் மாற்றினார்கள். நேற்று அடித்தவன் இன்று அடி வாங்குகிறான். இதைப் படத்தால் செய்ய முடியாது. இந்த இடத்தில் நான் ரீச்சர் பக்கம்.

குளக்கட்டு:

தம்பி, கோடு விசயம் எனக்குப் புதிது, நன்றி. இடம் மாறுகிற விசயத்தையும் ஒப்புக்கொள்கிறேன், அது மேடைக்கே உரியது. ஆனால் ரீச்சரின் ‘அது, அவன்’ கணக்கு எனக்கு இன்னும் சரிவரவில்லை. நேற்றிரவு என் பேத்தியை வைத்து 1931 படத்தைத் திரும்பப் போட்டேன். பத்து வயது. ஏரிக் காட்சி வரைக்கும் ‘அது’. ஏரிக் காட்சிக்குப் பிறகு ‘அப்பு, அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லைத்தானே’ என்று கேட்டாள். அவன் என்றுதான் சொன்னாள். ஒரு வசனமும் பேசாதவனை.

களரி:

அண்ணை, இதை வாசித்ததும் எழும்பிப் போய்ப் பிள்ளைகள் எழுதிய தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமைத் தாள்களில் இரண்டில், ஏரிக் காட்சியைப் பற்றிய வரியில் மட்டும் ‘அவன்’ இருக்கிறது. மற்ற வரியெல்லாம் ‘அது’. முதலில் திருத்தும்போது திணை வழு என்று நினைத்துச் சிவப்பால் சுழித்திருக்கிறேன். சுழித்தது என் பிழை. அந்த இரண்டு பிள்ளைகளிடமும் திங்கள் சொல்லிவிடுவேன்.

மேடைதான் என்ற என் எண்ணம் மாறவில்லை. காரணத்தை மட்டும் திருத்துகிறேன். படத்தில் அவன் ஒரு காட்சியில் மனிதனாகி, பிறகு தீப்பந்தத்தோடு துரத்துகிற கூட்டத்துக்கு நடுவில் திரும்பவும் ‘அது’ ஆகிவிடுகிறான். நாடகத்தில் கடைசிவரை திரும்பிப் போகவில்லை, அவ்வளவு கொடுமை செய்த பிறகும்.

இந்தத் தவணை முடிவில் பிள்ளைகள் டி லேசி காட்சியை மட்டும் கூத்துப் பாணியில் போடப் போகிறார்கள். வீட்டுக்குத் தீ வைப்பது வரும், வெறும் வீட்டுக்கு, நாவலில் உள்ளபடி. அறிவிப்பில் பாத்திரத்தின் பெயருக்கு என்ன போடுவது?

பாலைப்பழம்:

கோடு போடுங்கள் ரீச்சர். பூதம், அரக்கன், பேய் ஒன்றும் வேண்டாம்.

அண்ணாவி வீட்டுப் பெடியன்:

அறிவிப்பில் கோடு போடலாம். கூத்தில் போட முடியாது. ஒருவன் கூத்து மேடைக்கு வந்தால் வரவுப் பாட்டு வேண்டும். யார் வருகிறார் என்று பிற்பாட்டுக்காரர் பாடியே ஆக வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் வினை இருக்கிறதே. ‘வந்தானே’ என்று முடிப்பதா, ‘வந்ததே’ என்று முடிப்பதா?

குளக்கட்டு:

முதல் வரவில் ‘வந்ததே’ பாடுங்கள் தம்பி. கிழவரோடு இருந்து படித்த பிறகு இன்னொரு வரவு வைத்து ‘வந்தானே’ பாடுங்கள். வீட்டுக்காரர் பொல்லோடு வரும்போது பிற்பாட்டு திரும்ப ‘வந்ததே’ என்று எடுக்கட்டும். அவன் மட்டும் தனியாக ‘வந்தேனே’ என்று பாடட்டும்.

அண்ணாவி வீட்டுப் பெடியன்:

காத்தான் ஆள் மாறும்போது எங்கள் பக்கம் வரவு திரும்பப் பாடுவதுண்டு, ஆகவே இரண்டாவது வரவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பிற்பாட்டு ஒன்று பாட, ஆடுகிறவன் வேறொன்று பாடுவதை நான் கேட்டதில்லை. தாளம் உதைக்கும். அப்புவிடம் கேட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மத்தளத்தோடு மண்டபத்துக்கு வருவேன் ரீச்சர், பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள்.