அப்பாவுக்கு நார்அட்ரினலின் ஓடுகிறது, டோபமின் ஏன் இல்லை?

கரூர்_பையன்:
அப்பாவுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் ரத்தத்தில் கலந்து செப்டிக் ஷாக் என்கிறார்கள். ஐசியூவில் இருக்கிறார். பிரஷர் 70/40. சலைன் ஏற்றியும் போதவில்லை என்று கழுத்தில் லைன் போட்டு பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடுகிறது. எங்கள் மாமா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். அதற்குப் பதில் டோபமின் போட்டால் பிரஷரும் ஏறும், கிட்னியும் தப்பிக்கும் என்கிறார். டாக்டரிடம் கேட்கலாமா?

நைட்_டியூட்டி_சிஸ்டர்:
தாராளமாகக் கேளுங்கள் தம்பி. ஆனால் மாமா சொல்வது பழைய கதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எந்த பம்ப்பைப் பார்த்தாலும் டோபமின்தான். கிட்னிக்கென்றே குறைந்த அளவில் 'ரீனல் டோஸ்' ஓடும். அதில் பலனில்லை என்று 2000-இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு காட்டிவிட்டது. 2010-இல் 1,679 ஷாக் நோயாளிகளிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. இதயத் துடிப்புக் கோளாறு மட்டும் டோபமினில் 24 சதவீதம், நார்அட்ரினலினில் 12. அதனால்தான் இப்போது நார்அட்ரினலின் முதலில்.

தொற்றினால் தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இது இறுக்குகிறது. தொற்றைக் கொல்வது ஆன்டிபயாடிக்தான். அதுவரை பிரஷரைத் தாங்கிப் பிடிக்க இது. மானிட்டரில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சராசரி பிரஷரைப் பாருங்கள். கீழ் எண்ணை இரட்டித்து, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் வரும். அப்பாவுக்கு 50, பொதுவாக 65 வேண்டும்.

கரூர்_பையன்:
நன்றி அக்கா. இப்போது 66 காட்டுகிறது. ஆனால் கால்விரல் நுனி நீலமாக இருக்கிறதே?

நைட்_டியூட்டி_சிஸ்டர்:
அதை இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே பெட் சிஸ்டரிடம் காட்டுங்கள். ஷாக்கினாலும் வரும், மருந்து குழாயை இறுக்குவதாலும் வரும். டோஸ் ஏறிக்கொண்டே போனால் குழாயை இறுக்கும் இன்னொரு மருந்தான வாசோபிரசின் சேர்ப்பார்கள், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் போடலாம். பம்ப் கத்தினால் நீங்கள் தொடவே கூடாது. நின்ற சில நிமிடங்களிலேயே இந்த மருந்தின் வேகம் போய்விடும், பிரஷர் சரியும். அதனால்தான் சிரிஞ்ச் தீரும் முன்பே அடுத்ததை நிரப்பி வைத்திருப்போம்.

தோட்டக்காரர்:
என் தங்கைக்குக் குளவி கொட்டி பிரஷர் இறங்கியபோது தொடையில் ஒரே ஊசி, சரியாகிவிட்டது. இவருக்கு அது ஆகாதா?

நைட்_டியூட்டி_சிஸ்டர்:
அது அட்ரினலின், அலர்ஜி ஷாக்குக்கு. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். செப்டிக் ஷாக்குக்கு ஒரு ஊசி காணாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி, யூரின் மணிக்கு எவ்வளவு வருகிறது, லாக்டேட் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது) இறங்குகிறதா, இந்த இரண்டையும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். டோபமின் கேள்வி அப்புறம்.