ஸ்காட் ஸ்கின்னர் பிடில் வாசித்துப் பிழைத்தாரா, நடனம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாரா?

கேள்வி

சில ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்று வருகிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றை அண்மையில் கேட்டேன். இரைச்சலையும் மீறி அவருடைய வில் துள்ளுவது தெளிவாகக் கேட்கிறது. ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்டிய நடன இசை வகையின் பெயரால் ‘ஸ்ட்ராத்ஸ்பே மன்னர்’ என்ற பட்டத்தோடு மேடையேறியவர் அவர். ஆனால் அவரைப் பற்றிப் படிக்கும்போது, வாழ்நாளில் பெரும்பகுதி அவர் நடன ஆசிரியராகவே ஊர் ஊராகத் திரிந்தார் என்று வருகிறது. எனக்கு இரண்டு ஐயங்கள். அந்த நாட்டில் ஒரு மரபுவழிப் பிடில் கலைஞருக்கு வாசிப்பு மட்டும் சோறு போட்டதா? இளமையில் மான்செஸ்டரில், செவ்வியல் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பாடம் கேட்டவரை மரபுவழிக் கலைஞர் என்று சொல்வது பொருந்துமா?

மறுமொழி 1

முதல் ஐயத்துக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும். இல்லை, வாசிப்பு மட்டும் சோறு போடவில்லை.

ஸ்கின்னர் பிறந்தது அபர்டீனுக்கு மேற்கே, டீ ஆற்றங்கரையில் உள்ள பாங்கரியில். தந்தையும் நடன ஆசிரியர்தான். ஆனால் மகனுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணனிடம் பிடிலும் செல்லோவும் பழகிய சிறுவன், எட்டு வயதை ஒட்டிய பருவத்திலேயே பீட்டர் மில்ன் என்ற பெயர்பெற்ற பிடில்காரருக்குச் செல்லோவில் துணை வாசித்துக்கொண்டு, நாட்டுப்புறத்து நடன இரவுகளுக்குப் பல மைல் தூரம் நடந்தே போய்த் திரும்பியிருக்கிறான். 1855இல் ‘டாக்டர் மார்க்கின் சிறுவர்கள்’ என்ற இசைக்குழுவில் சேர்ந்து மான்செஸ்டருக்குச் சென்றான். அங்கே சார்ல்ஸ் ருஜியே என்ற வயலின் கலைஞர்தான் அவனுக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குழு 1858இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசியின் முன் வாசித்தது.

ஊர் திரும்பிய பிறகு வில்லியம் ஸ்காட் என்பவரிடம் நடனம் பயின்றார். பெயரின் நடுவில் உள்ள ‘ஸ்காட்’ அந்த ஆசிரியரின் நினைவாக வந்தது. அக்காலத்து நடன ஆசிரியரின் தொழில் எப்படிப்பட்டது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஓர் ஊரில் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சில வாரங்கள் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நடனத்தோடு நடத்தை ஒழுங்குகளையும் சொல்லிக்கொடுத்து, இறுதியில் எல்லோரும் ஆடும் ஒரு விழாவை நடத்திவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வார். பாடத்துக்கு இசை வேண்டுமே. அதையும் அவரே வாசிப்பார். 1868இல் அரச குடும்பத்தின் பால்மோரல் பண்ணைக் குடிகளுக்கு ஸ்கின்னர் நடனம் கற்பித்தபோது அவரிடம் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். ஆக, பிடில் அவருடைய தொழிற்கருவி, நடனப் பாடமோ தொழில். 1893இல் அமெரிக்கப் பயணம் போய் வந்த பிறகே நடனம் கற்பிப்பதை விட்டுவிட்டு முழுநேர மேடைக் கலைஞரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது!

அவருக்கு முன்னோடிப் பிடில் கலைஞரான நீல் கோவும் (1727–1807) முதலில் நெசவுத் தொழில் பழகியவர்தான். அத்தோல் பிரபுக்களின் ஆதரவு கிடைத்ததால் பிழைத்துக்கொண்டார். எடின்பரோவில் இசை நூல்கள் அச்சிட்டு விற்ற அவருடைய மகன் நத்தானியேல், 1827இல் கடன் தீர்க்க முடியாமல் திவாலானார்.

மறுமொழி 2

இரண்டாவது ஐயத்தை எழுப்பியவர் நீங்கள் மட்டுமல்லர். ஸ்காட்லாந்திலேயே இன்றுவரை இது பேசப்படுகிறது.

முதலில் ஸ்ட்ராத்ஸ்பே என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். அது நான்கு தட்டு கொண்ட நடன இசை, ரீல் என்ற வேகமான நடன இசையைவிட நிதானமானது. குறுகிய ஸ்வரம் தட்டின்மேல் விழ, நெடிய ஸ்வரம் அதைத் தொடரும் இடங்கள்தாம் அதன் உயிர். ‘நிலா’, ‘பலா’, ‘கனா’ என்று கையால் தட்டிக்கொண்டு, முதல் எழுத்தை அழுத்திச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தெறிப்பு பிடிபடும். பிறகு ‘காடு’, ‘நிலா’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் ஸ்ட்ராத்ஸ்பேயின் நடை ஓரளவு வந்துவிடும். வில் வேலையில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு: வில்லைக் கீழே இழுத்து ஒரு ஸ்வரம் வாசித்தபின், மேல்நோக்கித் தள்ளும் ஒரே வீச்சில் மூன்று ஸ்வரங்கள். இதை நீல் கோவின் கைவண்ணத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஸ்கின்னர் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. வில் வீச்சு பற்றித் தாமே எழுதிய கையேட்டில் அதை விளக்கியும் காட்டினார். செவிவழியாக வந்ததைத் தாளில் எழுதிக் காட்டிய ஆசிரியரை மரபுக்கு வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் கூடுதலாகக் கொண்டுவந்தவையும் உண்மைதான். விரற்பலகையின் மேற்பகுதிவரை ஏறுவது, பழைய பிடில்காரர்கள் தொடத் தயங்கிய சுருதிகளில் இயற்றுவது, ஒரே மெட்டைப் பலவாறு விரித்து வாசிப்பது ஆகியவை மான்செஸ்டர் தந்தவை. ஆட்டத்துக்கான மெட்டைக் கேட்பதற்கான மெட்டாக அவர் மாற்றினார். அதில் இழப்பும் உண்டு என்பது என் எண்ணம். அவருடைய சில உருப்படிகளுக்கு யாராலும் ஆட முடியாது. அவருடைய கண்டிப்பும் பெயர்பெற்றது. 1926இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த பிடில் போட்டிக்குக் கப்பலேறியவர், பியானோ துணை தம் போக்குக்கு ஒத்துவரவில்லை என்று மேடையைவிட்டே இறங்கிவிட்டார்.

குரு பரம்பரையைத்தான் அளவுகோலாகக் கொள்வீர்கள் என்றால் ஹெக்டர் மக்கான்ட்ரூ (1903–1980) என்ற ஸ்காட்டியப் பிடில் கலைஞரின் வாசிப்பைக் கேளுங்கள். நீல் கோவின் மாணவரான ஜேம்ஸ் மக்கின்டாஷ், மக்கான்ட்ரூவின் பாட்டனாருக்குக் கற்பித்தவர். செவ்வியல் வயலின் மேதை யெஹுதி மெனுஹினே மக்கான்ட்ரூவின் வாசிப்பைக் கேட்டு வியந்திருக்கிறார்.

மறுமொழி 3

மேலே எழுதிய இருவரும் வடகிழக்கு ஸ்காட்லாந்தை விட்டு நகரவில்லை. ஷெட்லாந்துத் தீவுகளின் பிடில் கலைஞர் டாம் ஆண்டர்சனையும் (1910–1991) இங்கே சேர்க்க விரும்புகிறேன். ஆசிரியர் என்ற வகையில் அவர் ஸ்கின்னரையும் விஞ்சியவர் என்றே சொல்வேன்.

ஆண்டர்சன் காப்புறுதி நிறுவன முகவர். அந்த வேலைக்காகத் தீவுகளின் மூலைமுடுக்குகளில் உள்ள வீடுகளுக்கெல்லாம் போக வேண்டியிருந்ததால், கிழவர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டுச் சேகரிக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஸ்கின்னரைப் போல வாசிப்பை வருவாயாக்க வேண்டிய நெருக்கடி இல்லாததால்தான், அவரால் சேகரிப்பிலும் கற்பித்தலிலும் இத்தனை பொறுமை காட்ட முடிந்தது என்று நினைக்கிறேன். 1960இல் உருவான ‘நாற்பது பிடில்காரர்கள்’ குழுவை நடத்தினார். ஓய்வு பெற்றபின், 1970களில், ஷெட்லாந்துப் பள்ளிகளிலேயே பிடில் பாடம் கொண்டுவந்தார். தாத்தா வாசித்ததைப் பேரன் மதிக்காத காலம் அது. பள்ளி நேரத்துக்குள்ளேயே பாடம் நடந்ததால் குழந்தைகள் வந்தார்கள். இன்று உலகறிந்த பிடில் கலைஞர் அலி பெயினும் ஆண்டர்சனிடம் கற்றவர்.

நடன ஆசிரியர் வேலையும் காப்புறுதி வேலையும் இல்லாமல் ஒருவர் பிழைக்கும் வழி ஓரளவு பிற்காலத்தில்தான் வந்தது. கிளாஸ்கோ இசைக் கல்லூரியில் 1996இல் ஸ்காட்டிய மரபிசைக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. பிடில் கலைஞர் அலஸ்டர் ஃபிரேசர் 1984இல் கலிபோர்னியாவில் ஒரு ஸ்காட்டியப் பிடில் முகாமைத் தொடங்கினார். அவரும் முதலில் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தவர் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘நிலா, பலா’ எடுத்துக்காட்டால் இத்தனை நாள் புரியாதது புரிந்தது. நான் வாசித்துப் பழகுவதற்கு ஸ்கின்னரிலிருந்து தொடங்கலாமா?

மறுமொழி 3 எழுதியவர்

அவருடைய மெதுவான மெட்டுகளிலிருந்து தொடங்கலாம். ‘வீரன் ஹெக்டர்’ என்று பொருள்படும் 1903ஆம் ஆண்டு உருப்படி மிக எளியது, கமகம் சேர்க்காமல் வாசிக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். ஸ்ட்ராத்ஸ்பேக்களைக் குறைந்தது ஒரு மாதமாவது கேட்டுவிட்டுத் தொடுங்கள். தாளைப் பார்த்து வாசித்தால் குறிலும் நெடிலும் சம அளவாகிவிடும்.