புதுப்பிப்பு: பாத விறைப்பும் பி12 குறைபாடும்

குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் குரோன்ஸ் நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 30 சென்ரிமீற்றர் அகற்றப்பட்ட எனக்கு, போலிக் அமில மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் பாதங்கள் ஏன் விறைக்கின்றன என்று இரண்டு மாதங்களுக்கு முன்னர் இங்கே கேட்டிருந்தேன். குருதிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது; விற்றமின் பி12 மிகக் குறைவு.

அந்த விற்றமின் உறிஞ்சப்படுவதே வெட்டியெடுத்த அந்தப் பகுதியில்தான் என்பதும், 20 சென்ரிமீற்றருக்கு மேல் அகற்றப்பட்டவர்களுக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் இப்போதுதான் எனக்கு விளங்கியது. போலிக் அமிலம் பி12 குறைபாட்டால் வரும் குருதிச்சோகையைச் சரிசெய்துவிட்டு, அதே குறைபாட்டால் வரும் நரம்புப் பாதிப்பை மறைவில் வளரவிடக்கூடும். ஆகவே, 'அந்த மாத்திரையே போதும்' என்று இன்னொருவருக்கு நான் அன்று எழுதிய பதிலைத் திரும்பப் பெறுகிறேன். முருங்கையிலையைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி, ஆனால் அதில் பி12 கிடையாது. அம்மா விடாப்பிடியாகச் சமைத்துத் தந்த ஈரல் கறியில் அது தாராளமாக உண்டு. உறிஞ்சத்தான் குடல் இல்லை.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு 64 என்பதைப் பார்த்து, இரும்புச்சத்து போதுமென்று முதலில் ஒரு கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். அழற்சி இருக்கும்போது அந்த அளவு தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால், 100 வரையிலும் குறைபாடு இருக்கலாம் என்று வைத்திய நிபுணர் பின்னர் விளக்கினார். கொழும்பின் காலி வீதி வெயிலில் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் எனக்கு விற்றமின் டியும் குறைவாம்!

ஆறாவது பி12 ஊசியை நேற்று வெள்ளவத்தையில் போட்டாயிற்று. இடது பாதத்தில் செருப்பின் வார் படுவது மீண்டும் தெரிகிறது. வலது பெருவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது.